தேவை என்று நான் எழுதிய சொல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் நாற்காலி இரண்டுதான் இருந்தது. ஒன்றில் ரமணன் சார் உட்கார்ந்தார். இன்னொன்றில் ஊராட்சித் தலைவர். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். மற்ற எல்லோரும் தரையில்.

ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் வெளுத்துப்போய், ரஞ்சன்குடிக் கோட்டை மதில் தெரிந்தது. அறை முழுக்கச் சின்ன வெங்காய வாசனை. காலையிலிருந்து களத்தில் வெங்காயத் தாள் அரிந்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள் காலனிப் பெண்கள். கழுவத் தண்ணீர் இல்லாத ஊர் என்பதால்தான் கூட்டமே.

ரமணன் சார் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். நான் அதைத் தமிழில் சொல்வேன். அதுதான் என் வேலை.

"இனிமே அரசாங்கம் தானா வந்து தண்ணி குடுக்காது. ஊர்தான் கேக்கணும். யாருக்குத் தேவை இருக்கோ அவங்களுக்கு மொதல்ல" என்றேன்.

பின்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார்.

"சார், ஒரு நிமிசங்க. இத்தன வருசமா நாங்க கேட்டுக்கிட்டுத்தானங்க இருக்கோம்? அதெல்லாம் கேட்டதுல சேராதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் ரமணன் சாரும் சிரித்தார். நல்ல கேள்வி என்றார். பிறகு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். அவர் பின்னாலேயே நானும் போய்விட்டேன்.

அந்த அம்மாள் பெயர் கொளஞ்சி. அவரைப் பற்றி எழுதுவதைப் பல வாரமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். மறதி காரணமில்லை. கூச்சம்.

மாடி வகுப்பிலிருந்து ஜீப்புக்கு

அதற்கு முன் நான் அரியலூரில் ஒரு டுடோரியலில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். மாடியில் கீற்றுக் கொட்டகை. பிளஸ் டூவில் தவறிய பிள்ளைகள். பாதிப் பேர் ரெட்டிபாளையம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார்கள். அப்பாக்கள் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர்கள். பையன்களின் சட்டைக் காலரிலும் சாம்பல் நிறத் தூசி இருக்கும்.

ஐந்தாண்டுத் திட்டங்களை உருப்போட வைப்பதுதான் வருஷம் முழுக்க வேலை. புத்தகத்தின் கடைசியில் தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்று ஒரு சின்னப் பாடம் இருந்தது. அதில் பெரிய கேள்வி வராது என்பதால் நான் நடத்தியதே இல்லை. "படிச்சிட்டுப் போங்கடா" என்று சொல்லிவிடுவேன்.

தமிழும் ஆங்கிலமும் பொருளாதாரமும் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு விளம்பரம் வந்தது. கிராமக் குடிநீரில் சீர்திருத்தம் செய்யும் திட்டம். பெரம்பலூரில் ஒரு வாடகை வீட்டில் அலுவலகம். போய் நின்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது மாவட்டமே புதிது. பிறகு அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள். எங்கள் அலுவலகத்துப் பலகைக்குப் பெயிண்ட் அடித்த ஆள் மட்டும் ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் வந்தார்.

அலுவலகம் என்றால், படுக்கையறையில் கம்ப்யூட்டர், சமையலறை அலமாரியில் கோப்புகள். புளிப்பானை வைத்த வட்டத் தடம் அலமாரியில் அப்படியே இருந்தது. அந்தச் சமையலறையில்தான் நான் மூன்று நான்கு வருஷம் மொழிபெயர்த்தேன்.

காகிதங்கள் டெல்லியிலிருந்து வரும். டெல்லிக்கு வேறு எங்கிருந்தோ வந்திருக்கும். ஒரு தடவை, கிராமத்துப் பெண்கள் தண்ணீருக்கு நடக்கும் தூரத்தைப் பற்றிய பத்தியில், கடல் கடந்த ஒரு நாட்டின் பெயர் அப்படியே நின்றிருந்தது. மாற்ற மறந்துவிட்டார்கள். நான் அதை அடித்துவிட்டுப் பெரம்பலூர் மாவட்டம் என்று எழுதினேன். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எல்லாம் பொருந்தியது.

ரமணன் சார்

அவரை வில்லனாக்கி எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் அப்படி இல்லை.

தமிழ்க் குடும்பம்தான். பிறந்து வளர்ந்தது டெல்லி. வெளிநாட்டில் பொருளாதாரம் படித்துவிட்டு ஆலோசகராக வந்திருந்தார். அம்மாவிடம் பேசும் அளவுக்குத் தமிழ் தெரியும். கூட்டத்தில் பேசத் தெரியாது. வயிறு ஒத்துக்கொள்ளாமல் பிஸ்கட்டிலேயே நாளை ஓட்டுவார். பாக்கெட்டைப் பிரித்ததும் முதலில் டிரைவருக்கு நீட்டுவார்.

ஜீப்பில் போகும்போது வழியில் உடைந்து கிடக்கும் கைப்பம்புகளை எண்ணிக்கொண்டே வருவார்.

"இது யாரோடது?" என்று என்னைக் கேட்பார்.

"கவர்மெண்டோடது சார்."

"அதான். யாரோடதும் இல்லை. அதனால யாரும் ரிப்பேர் பண்ணலை. நம்ம காசு போட்ட பொருளா இருந்தா விடுவோமா?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. என் தெருவிலேயே ஒரு கைப்பம்பு கைப்பிடி இல்லாமல் வருஷக்கணக்கில் நின்றது. நான் ஒரு மனுகூட எழுதிப் போட்டதில்லை. ரமணன் சார் சொன்னதை நான் நம்பினேன். சம்பளத்துக்காகத் தலையாட்டினேன் என்று சொன்னால் பொய்.

இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்

அந்தத் திட்டத்தின் மூச்சே ஒரு சொல்லில்தான் இருந்தது. டிமாண்ட். டிமாண்ட் உள்ள இடத்துக்குத்தான் தண்ணீர். மக்கள் முன்கூட்டியே தங்கள் பங்கைக் கட்டினால், அங்கே டிமாண்ட் இருக்கிறது என்று அர்த்தம். கட்டாவிட்டால் இல்லை.

பாடப் புத்தகத்தில் டிமாண்டுக்குத் தமிழ் தேவை. தேவையும் அளிப்பும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். பொருளாதாரத்தில் தேவை என்றால் வெறும் ஆசையில்லை, வாங்கும் சக்தியும் சேர்ந்திருக்க வேண்டும் என்று பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

கை பழகிய சொல். மக்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் அட்டைக் கையேட்டில் நான் எழுதினேன்: "தேவை உள்ள பகுதிகளுக்கே முன்னுரிமை."

பலகையில் போட்ட அடிக்கோடு கையேட்டில் இல்லை. வெங்காயம் அரிகிற பெண்ணுக்குத் தேவை என்றால் தேவைதான். தொண்டை காய்ந்தால் தேவை.

கையேட்டுக்கு ஒரு பின்னிணைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. முக்கியமான அத்தியாயங்கள் போதும் என்றார்கள். அன்றைக்குச் சனிக்கிழமை. அரியலூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். மொழிபெயர்க்காவிட்டால் போகிறது, படித்தாவது பார்த்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

பள்ளிக்கூடத்தோடு நின்ற குழாய்

கூட்டம் முடிந்து சில மாதம் போனது. ஊர்த்தெருக்காரர்கள் பங்கைக் கட்டினார்கள். குழு அமைந்தது. ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், தொட்டி எழும்பியது. குழாய் தெருத்தெருவாகப் போய்ப் பள்ளிக்கூடத்து மூலையில் நின்றது. அங்கிருந்து காலனி ஒரு கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

காலனியில் யாரும் கட்டவில்லை. கெடு முடிந்துவிட்டது. எங்கள் கோப்பில் அதற்கு எதிரே நானே ஒரு வரி எழுதினேன்: இப்பகுதியில் தேவை இல்லை.

ஒரு முற்பகலில் கொளஞ்சியும் இன்னும் நான்கு பெண்களும் பஸ் ஏறிப் பெரம்பலூர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சமையலறை வாசலில் நின்றபடி கொளஞ்சி மஞ்சள் கையேட்டை நீட்டினார். ஒரு பக்கம் மடக்கி வைத்திருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எங்க தெருப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. தேவை உள்ளவங்களுக்கு மொதல்லன்னு இதுல போட்டுருக்குதா இல்லீங்களா?"

"போட்டிருக்குக்கா."

"ஊருக்காரங்க வூட்டுக்கு வூடு கெணறு வச்சிருக்காங்க. நாங்க அவங்க கொல்லைக்காட்டுல மோட்டார் ஓடுற நேரம் பாத்து, அவங்க வெரட்டுனா ஓடி, ஒரு கொடம் புடிச்சிட்டு வரோம். அப்ப யாருக்குங்க தேவை?"

மடக்கியிருந்த பக்கத்தில் நான் எழுதிய வரியைப் பார்த்தேன்.

"நமக்குத்தான் மொதல்ல வரும், புக்குலயே இருக்குன்னு தெருவுக்கே சொன்னது நானுங்க. காசு கட்டணும்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க. அது இருக்கப்பட்டவங்களுக்கு, நமக்கு இல்லன்னு நான்தான் சொன்னேன். இப்ப தெருவே என்னய ஏசுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கன்னத்தில் யாரோ தண்ணீரை வீசியடித்த மாதிரி இருந்தது.

"அது... அச்சுப் பிழைக்கா" என்றேன்.

கொளஞ்சி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்புடிங்களா" என்று மட்டும் சொன்னார். கையேட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஐந்து பேரும் வெயிலில் இறங்கி நடந்தார்கள். வெங்காய வாசனை சமையலறையிலேயே நின்றது.

பின்னிணைப்பு

அன்று மாலையே ரமணன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை.

"நீட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன?" என்றார்.

"தேவை."

"டிமாண்டுக்கு?"

"அதுக்கும் தேவைதான் சார்."

சிரித்துவிட்டார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், எத்தனை ஊருக்கு அந்தக் கையேடு போனது என்று கேட்டார். எல்லா ஊருக்கும் என்றேன்.

"கெடு முடிஞ்சாச்சே. இப்ப என்ன பண்றது?"

அந்த ஆங்கில மூலத்தை எடுத்துவைத்து இரண்டு பேரும் முதல் பக்கத்திலிருந்து படித்தோம். பின்னிணைப்பில் ஒரு வரி கிடைத்தது. பணமாகத் தர முடியாத குடும்பங்கள் உடலுழைப்பாகத் தரலாம்.

நான் படிக்காமல் விட்ட பக்கம் அது.

ரமணன் சார் அங்கேயே ஒரு கடிதம் அடித்தார். காலனிக்கு மட்டும் ஒரு மாதம் கூடுதல் கெடு. அதற்கு அவருக்கு அதிகாரம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மற்ற ஊர்களுக்கு? அங்கெல்லாம் கெடு முடிந்து கோப்பை மூடிவிட்டார்கள். அதை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பள்ளம்

மறுநாள் காலையில் நானே போய்ச் சொன்னேன். பள்ளிக்கூடத்து மூலையிலிருந்து காலனி வரை குழாய்க்குப் பள்ளம் வெட்டிக் கொடுத்தால் அதுவே பங்கு.

தலைவர் முகம் சுளித்தார். "நாங்க ரொக்கமா கட்டுனோம். அவங்க மண்ண வெட்டுனாப் போதுங்களா?"

கொளஞ்சி சத்தம் போடாமல் கேட்டார். "ஒரு நாளு நீங்களும் வந்து வெட்டிப் பாருங்களேன் தலைவரே."

சித்திரை வெயில். எங்கள் பக்கத்துக் கரிசல் மண் மழையில் காலைப் பிடிக்கும், கோடையில் பாறையாகிவிடும். கடப்பாறை போட்டால் டங்கென்று திரும்பி வரும். ஆண்கள் பாதிப் பேர் திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். பெண்கள்தான் வெட்டினார்கள். விடிந்ததும் ஆரம்பித்து, வெயில் ஏறும்வரை வெட்டி, பிறகு வெங்காயக் களத்துக்கு ஓடுவார்கள். நேரம் கழித்துப் போனதால் பல நாள் களத்தில் வேலை இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். அப்படித் திரும்பி வந்தவர்கள் மறுபடி பள்ளத்தில் இறங்கினார்கள்.

ஒரு நாள் நானும் மண்வெட்டியை வாங்கினேன். அரை மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கொளஞ்சி கையில் துணி சுற்றிக்கொண்டு கடப்பாறை போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, அது அச்சுப் பிழை இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

கடப்பாறையை ஊன்றி நிமிர்ந்தார். "தெரியுங்க சார்."

"எப்படி?"

"அச்சுக்காரன் தப்பு பண்ணியிருந்தா அன்னிக்கு உங்க மொகம் ஏன் அப்புடிச் செத்துப்போவுது?" வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "சரி, நில்லாதீங்க. அந்த மண்ண அள்ளிப் போடுங்க."

மன்னித்தார் என்று நான் எழுத மாட்டேன். மண்ணை அள்ளச் சொன்னார், அள்ளினேன்.

கெடுவுக்குள் பள்ளம் காலனிக்குப் போய்ச் சேர்ந்தது. குழாய் பதித்து மூடினார்கள். திறந்த அன்று முதலில் காற்றுதான் சீறியது. பிறகு கலங்கலாகத் தண்ணீர், பிறகு தெளிவாக. கொளஞ்சி குடத்தை வைக்கவில்லை. குனிந்து கையைக் கழுவினார். முழங்கை வரைக்கும், அவசரப்படாமல் கழுவினார்.

பள்ளம் வெட்டும்போது ரமணன் சார் ஒரு நாள் வந்து போட்டோ எடுத்திருந்தார். நல்ல மனசோடு எடுத்த போட்டோ. பிரதி போட்டுக் கொளஞ்சியிடம் கொடுக்க வேண்டும் என்றுகூடச் சொன்னார். கொடுத்த ஞாபகம் இல்லை.

ஏசி அறையில் ஒரு வெயில்

அடுத்த வருஷமோ அதற்கடுத்ததோ, சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் பயிற்சி வகுப்பு. பல நாட்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். எங்கள் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்கள் இருவர் பேசினால் மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். நடுங்க வைக்கும் குளிர். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்.

திரையில் கொளஞ்சி வந்தார். கையில் கடப்பாறை. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: ஏழைகளும் தண்ணீருக்கு விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

ரமணன் சார் விளக்கினார். இந்தப் பெண் தன் கூலியை விட்டுவிட்டுத் தண்ணீருக்காக உழைத்தார், யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மஞ்சள் கையேடு மட்டும் அதில் இல்லை. கெடு இல்லை. கோப்பில் நான் எழுதிய வரி இல்லை.

எழுந்து சொல்லியிருக்கலாம். நாற்காலிக் கையைப் பிடித்தேன், விட்டுவிட்டேன். சொன்னால் ரமணன் சார் கெடுவை நீட்டிய அந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அலுப்பு. அத்தனை வருஷம் அடுத்தவர் வாக்கியத்தையே பேசிப் பேசி, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுந்து நின்று சொல்லத் தெம்பில்லாமல் போயிருந்தது.

டீ இடைவேளையில் ஆப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். நரைத்த தலை. நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

"அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"படத்தில் அவர் சிரிக்கிறாரா, வெயிலுக்கு முகத்தைச் சுருக்குகிறாரா? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை."

"வெயில்தான்" என்றேன்.

தலையாட்டிக்கொண்டார். "ஊருக்குப் போனதும் இதையெல்லாம் நான் எங்கள் மொழியில் சொல்ல வேண்டும்" என்றார். மணி அடித்தது. உள்ளே போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டில்

திட்டம் முடிந்தது. ஜீப் போனது, பலகை இறங்கியது, வீட்டுக்காரர் சமையலறையைத் திரும்பச் சமையலறையாக்கினார். ரமணன் சார் வேறு நாட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் அரியலூருக்கே, அதே மாடிக்கே திரும்பினேன்.

சில வருஷம் கழித்துப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ "சார்" என்று கூப்பிட்டார்கள். கொளஞ்சி. தலை பாதி நரைத்திருந்தது. காலடியில் ஒரு வெங்காய மூட்டை.

தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் நல்லா வந்துச்சுங்க. அப்பறம் மோட்டார் எரிஞ்சிபோச்சு. உங்க பொருள் நீங்கதான் ரிப்பேர் பண்ணணும்னாங்க. பண்ணுனோம். மறுக்கா எரிஞ்சிபோச்சு. அப்ப முடியல. இப்ப பஞ்சாயத்தே எடுத்துக்கிச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது. வராத நாளு பழையபடி கொல்லை மோட்டாருக்குக் கொடத்தத் தூக்கிட்டுப் போவோம்."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

அவரிடம் போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சென்னை ஓட்டலில் அவர் படத்தைப் போட்டதையும், பல நாட்டு ஆட்கள் அதைப் பார்த்ததையும், அதைப் பார்த்து அவர்கள் தங்கள் ஊரிலும் இதே மாதிரி செய்யப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"என்னயவா?" என்று வெட்கப்பட்டார். "எந்தச் சேலைங்க கட்டியிருந்தேன்?"

"பச்சை."

"அது கிழிஞ்ச சேலையாச்சே." மூட்டையின் வாய்க்கட்டை இறுக்கினார். பிறகு கேட்டார். "ஏன் சார், என்னயப் பாத்துட்டுப் போனாங்களே, அந்த ஊருப் பொம்பளைங்களும் பள்ளம் வெட்டுனாங்களா? அவங்களுக்குத் தண்ணி வந்துச்சுங்களா?"

"தெரியலக்கா."

"கேட்டுச் சொல்லுங்க சார்."

பஸ் வந்தது. மூட்டையைத் தூக்கிவிட்டேன். படியில் ஏறியவர் திரும்பி, "மறக்காமக் கேளுங்க" என்றார்.

இன்றுவரை கேட்கவில்லை. ஓட்டலில் பேசிய அந்த நரைத்த தலைக்காரரிடம் நான் பெயர்கூட விசாரிக்கவில்லை.